வளர்பிறையில் வெட்டிய மூங்கில்

எல் ரோப்லால் மலைச்சரிவில் மொத்தம் ஐந்து வீடுகள். உச்சியில் இருப்பது எதில்மாவின் வீடு. அடியில், தார்ச்சாலையை ஒட்டி இருப்பது அவளுடைய ஓரகத்தி யினெத்தின் வீடு. அண்ணன் ஃபானோரை எதில்மா கட்டியிருந்தாள், தம்பி லெய்தெரை யினெத் கட்டியிருந்தாள். ஓரகத்திகள் இருவருக்கும் வயதில் ஒன்பது வருடம் வித்தியாசம். இரண்டு வீட்டுக்கும் நடுவே நடந்து போனால் பன்னிரண்டு நிமிடத் தூரம்.

மழை அங்கே எப்போதும் மேற்கு முகட்டைத் தாண்டித்தான் வரும். முதல் துளி எதில்மாவின் முற்றத்தில் விழும். அது சரிவில் இறங்கி யினெத்தின் வீட்டை எட்ட எட்டு நிமிடம் ஆகும், சில நாள் பத்து. ஐந்து வீட்டிலும் மாடித்தளத்தில் பலகை அடித்து, கழுவிய காப்பிக்கொட்டையை அதில் பரப்பிக் காயவைப்பார்கள். மேலே இருக்கும் தகரக்கூரை தண்டவாளத்தில் ஓடும். வெயிலில் தள்ளித் திறக்க வேண்டும், மழையில் இழுத்து மூட வேண்டும். பாதி காய்ந்த கொட்டை ஒருமுறை நனைந்தால் பூசண வாடை ஏறிவிடும். அப்புறம் எத்தனை நாள் காயவைத்தாலும் அந்த வாடை கோப்பைவரை வரும்.

அதனால் எதில்மாவின் அடுக்களைச் சுவரில் ஓர் ஆணியும் அதில் ஓர் அலுமினியப் பானைமூடியும் இருந்தன. முதல் துளி விழுந்ததும் அவள் மூடியை எடுத்து மரக்கரண்டியால் அடிப்பாள். "தண்ணி! தண்ணி!" என்று கத்துவாள். அடுத்த வீட்டுக்காரர்கள் அதற்கடுத்த வீட்டுக்குக் கத்துவார்கள். முதலில் மூடி, பிறகுதான் தன் கூரை. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. மருமகளாக வந்த முதல் மாதத்திலிருந்து அவள் அப்படித்தான் செய்தாள். பதினோரு வருடத்தில் அவளுடைய கொட்டை இரண்டு தடவை நனைந்திருக்கிறது, கீழ்வீட்டாருடையது ஒரு தடவைகூட நனைந்ததில்லை. பொங்கலுக்கு வெல்லம் போல, எந்தக் கூட்டத்திலும் அவள் பேர் தானாக வந்து சேரும்.

சென்ற ஆகஸ்டில் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள் கருவிகளோடு வந்தார்கள்.

எதில்மாவின் நிலத்தில், முகட்டுக்குப் பக்கத்தில், ஒரு கம்பத்தை நட்டார்கள். கம்பத்தின் தலையில் மழையை அளக்கும் சின்ன வாளி, கைக்குட்டை அளவுக்குச் சூரியத் தகடு. வாளியில் நாலு துளி விழுந்தால் போதும், அது காற்றுவழியே அடியில் இருக்கும் பெட்டிக்குச் சேதி சொல்லும். அந்தப் பெட்டி ஐந்து கூரைகளின் மோட்டாருக்கும் 'மூடு' என்று உத்தரவு போடும். கூடவே கைப்பேசிக்கும் ஒரு செய்தி அனுப்பும். கூரை முழுக்க மூட நாலு நிமிடம். மின்சாரம் போனால் கையால் சுழற்ற ஓர் இரும்புக் கைப்பிடியும் வைத்தார்கள்.

எல்லாம் சரிதான். பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்பதில்தான் எதில்மாவுக்குச் சிக்கல் வந்தது.

மழையை முதலில் பார்ப்பது தன் வீடு, கம்பம் தன் நிலத்தில், ஆகவே பெட்டியும் தன்னிடம்தான் வரும் என்று அவள் அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து, துடைத்து, பூப்போட்ட துணிகூட விரித்து வைத்திருந்தாள். சங்கத்துப் பையன் ஹார்வி ஏறி வந்து, தட்டைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தான்.

"தோன்யா எதில்மா, இன்டர்நெட் கம்பி ரோட்டு வரைக்கும்தான் வந்திருக்கு. பெட்டி கீழதான் இருக்கணும். அதுவும் இல்லாம, யினெத் அக்கா சனிக்கிழமை வகுப்புக்கு வர்றாங்க. எதாவது கோளாறுன்னா அவங்களுக்குப் பாக்கத் தெரியும்."

"அவ எப்போலேருந்து வகுப்புக்குப் போறா?"

"மூணு மாசமா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சனிக்கிழமை காலையில் பேருந்து ஏறுகிறவள் சந்தைக்குப் போகிறாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பூப்போட்ட துணியை மடித்து உள்ளே வைத்தாள்.

திறப்பு நாளன்று பாதிரியாரை அழைத்து வந்தார்கள். புது லாரியோ புது ஆலையோ, எது வந்தாலும் புனித நீர் தெளிக்காமல் அந்தப் பக்கத்தில் யாரும் ஓட்ட மாட்டார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்து, தாராளமாகக் கையை வீசித் தெளித்தார். தெளித்த நீர் மழை வாளிக்குள் விழுந்தது. சரிவில் ஐந்து கூரைகளும் கடகடவென்று ஒரே நேரத்தில் மூட ஆரம்பித்தன. ஜனங்கள் கைதட்டினார்கள். ஹெர்மீதெஸ், யினெத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"பாருங்கய்யா, கடவுளே மழைன்னு சொன்னாலும் இது கேட்டுக்குது!"

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது யினெத் வந்து எதில்மாவின் தோளைத் தொட்டாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள், அதில் சந்தேகமில்லை.

"இனிமே நீங்க கத்திக் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்க வேணாம் அக்கா. கொஞ்சம் ஓய்வா இருங்க."

"ஆமா எதில்மா," என்றார் ஹெர்மீதெஸ், "மூடியை இனி பானைக்குப் போடு. உன் வீட்டுச் சூப்பு பதினோரு வருஷமா திறந்தே கொதிக்குது."

எதில்மாவும் சிரித்தாள். வீட்டுக்குப் போய், மூடியை ஆணியில் மாட்டி, கரண்டியைத் தனியே எடுத்து இழுப்பறையில் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் கணக்காகக் கவனிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் யினெத்தின் முற்றத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? திங்கள் நாலு பேர், செவ்வாய் ஆறு பேர். எல்லோரும் அவளுடைய கைப்பேசியை எட்டிப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தார்கள். யினெத்துக்கு 'இஞ்சினியரம்மா' என்று பேர் விழுந்தது. கிண்டலாக விழுந்த பேர், ஒரு வாரத்தில் மரியாதையாக மாறிவிட்டது. ஒருநாள் காலை ஃபானோர் பூட்ஸை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"இன்னைக்கு மழை வருமான்னு யினெத்தைக் கேட்டியா?"

எதில்மா கல்லில் அரெப்பாவை, சோள ரொட்டியை, திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஒரு பக்கம் கருகியது. அந்தக் கருகினதையே அவன் தட்டில் வைத்தாள்.

"வானம் நம்ம வீட்டு வாசல்லதான் இருக்கு. எட்டிப் பாருங்க."

"என்ன இப்படிக் கடிக்கிற?"

"நான் எங்க கடிச்சேன்? நீங்கதான் கடிக்கணும். ஆறிப்போகுது."

செப்டம்பரில் ஒரு வெயில் நாளன்று, கையில் பனேலா வெல்லம் கரைத்த தண்ணீர்க் குவளையோடு அவள் கம்பத்தைத் தாண்டி நடந்தாள். நின்றாள். சுற்றிப் பார்த்தாள். பாதிக் குவளையை வாளியில் ஊற்றினாள். கீழே கூரைகள் மூடிக்கொண்டன. யினெத் வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்ப்பதும், கைப்பேசியைப் பார்ப்பதும், மறுபடி வானத்தைப் பார்ப்பதும் பொம்மலாட்டம் போல மேலிருந்து தெரிந்தது. எதில்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். ஆனால் இரண்டு நாளில் வாளி முழுக்க எறும்பு. ஹார்வி பித்தாலித்தோ நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து அதைக் கழற்றிக் கழுவினான்.

"இத்தனை எறும்பு எப்படி வந்துச்சுன்னே புரியல. வாளி பிசுபிசுன்னு இருக்கு."

"பறவை எச்சமா இருக்கும்," என்றாள் எதில்மா.

யினெத் வாளியை மோந்து பார்த்தாள். ஹார்வியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இதற்கிடையில் எதில்மா வேறொன்றையும் கண்டுபிடித்திருந்தாள். அவள் வீட்டுக்குக் கீழே, கம்பத்துக்கும் யினெத்தின் பெட்டிக்கும் நடுவே, ஒரு குவாதுவா மூங்கில் புதர் இருந்தது. அவளுடையதுதான். ஆகஸ்டு வெயிலில் ஹார்வி சோதனை செய்தபோது சேதி புதரைத் தாண்டி அம்பு போலப் போனது. ஆனால் செப்டம்பரில் மூன்று தடவை, தூறல் விழுந்து மூங்கில் இலைகள் நனைந்து சொட்டியபோது, அவள் வீட்டு மோட்டார் அசையவேயில்லை. கம்பம் தன் நிலத்தில் இருந்தாலும் உத்தரவு யினெத்தின் பெட்டிவரை இறங்கிப்போய் அந்தப் புதர்வழியே ஏறி வரவேண்டும். மூன்று தடவையும் அவள் கைப்பிடியைச் சுழற்றியே மூடினாள். தூறல் கீழ்வீடுகளை எட்டாததால் மற்றவர்கள் கவனிக்கவில்லை. காய்ந்த மூங்கில் சேதியை விடுகிறது, நனைந்த மூங்கில் விழுங்குகிறது. மழை வரும்போதுதான் அது செவிடாகிறது! சங்கத்துக்காரர்களுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்டதில் அவளுக்கு ஒரு குளிர்ச்சி. யாரிடமும் சொல்லவில்லை.

யினெத்துக்கும் மெல்லச் சந்தேகம் வந்தது. சில சேதிகள் தாமதமாக வருகின்றன என்று சொல்லிக்கொண்டு ஏறி வந்தாள்.

"அக்கா, அந்த மூங்கில்ல குறுக்க நிக்கிறது மட்டும் ஒரு இருபது கம்பு வெட்டினா..."

"வெட்டலாமே. தேய்பிறை வரட்டும்."

இதற்கு மேல் யாரும் பேச முடியாது. வளர்பிறையில் வெட்டின குவாதுவாவில் சாறு ஏறியிருக்கும், வண்டு துளைத்துத் தூளாக்கிவிடும். அந்த மலையில் பச்சைக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். செப்டம்பர் தேய்பிறை வந்தது. ஃபானோருக்கு முதுகுவலி என்றாள் எதில்மா. ஃபானோர் அந்த வாரம் எழுபது கிலோ மூட்டைகளைத் தூக்கினான். யினெத் அதையும் பார்த்திருப்பாள். மூத்தவளிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டாள்.

அக்டோபரில் விஷயம் பெரிதானது. வெளிநாட்டுக்கு நேராக அனுப்பும் ஒரு வியாபாரி, எல் ரோப்லாலிலிருந்து ஒரே ஒரு வீட்டின் காப்பியை மூன்று வருடத்துக்குத் தொடர்ந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை அவருடைய ருசிபார்ப்பவர் வருவார். மற்ற மூன்று வீட்டார் கொட்டையை ஈரமாகவே விற்றுவிட்டார்கள். எதில்மாவும் யினெத்தும் மட்டும் தங்கள் ரோஜாநிற போர்பன் ரகக் காப்பிப் பழங்களைத் தனியாகப் பறித்து, புளிக்கவைத்து, கழுவித் தளத்தில் பரப்பினார்கள். இரண்டும் நல்ல கொட்டை. இரண்டில் ஒன்றுதான் போகும்.

எதில்மா ஒரு மணிக்கு ஒருமுறை மரவாரியால் கிளறினாள். தன்னுடையதைக் கிளறும்போதெல்லாம் கண் கீழே போனது. அங்கே யினெத்தின் தளம், பச்சைச் சரிவின் நடுவே மஞ்சள் சதுரமாக மின்னியது. தன்னுடையதைவிட ஒரு பங்கு வெளிச்சமாக இருந்தது போலத் தோன்றியது. தூரத்தால் அப்படித் தெரிகிறதா, நிஜமாகவே அப்படியா என்று தீர்மானிக்க முடியவில்லை. அந்தச் சந்தேகமே அவளைத் தின்றது.

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு யினெத் ஏறி வந்தாள். பச்சை ரவிக்கை, காதில் தொங்கட்டான், தலையை இழுத்து வாரியிருந்தாள்.

"அக்கா, பித்தாலித்தோ போறேன். இன்னைக்குச் சான்றிதழ் குடுக்கிறாங்க. லெய்தெர் அந்தப் பக்கத்துச் சரிவுல பறிக்கிறார், வர அஞ்சாகும். நான் நாலுக்கெல்லாம் வந்துடுவேன். தளம் திறந்திருக்கு. கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

"பாக்க என்ன இருக்கு? அதான் மிஷின் இருக்கே."

"மிஷின் இருந்தா என்ன? நீங்க மேல இருக்கீங்கன்னாதான் எனக்குத் தைரியம்."

சொல்லிவிட்டு அவள் எதில்மாவின் கன்னத்தில் முத்தமிட்டு இறங்கினாள். வாசனைத் தைலம் மணத்தது. எதில்மா கன்னத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

மதியம் முகட்டுக்குப் பின்னால் வானம் கத்தரிக்காய் நிறமாக மாறியது. முதல் துளி முற்றத்துச் சிமெண்டில் விழுந்தபோது எதில்மா தளத்தில்தான் இருந்தாள். மோட்டார் அசையவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றினாள். தன் கூரை முழுதாக மூடியது. கையைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். ஆணியில் மூடி தொங்கியது. எடுத்தாள். இழுப்பறையைத் திறந்து கரண்டியை எடுத்தாள். முற்றத்துக்கு வந்து நின்றாள்.

கீழே மஞ்சள் சதுரம் திறந்தே கிடந்தது.

அடிக்க வேண்டும். கையைத் தூக்கினால் போதும். பக்கத்து வீட்டு ஹெர்மீதெஸ் ஓடிப் போய்ச் சுழற்றி மூடிவிடுவார், இன்னும் நேரம் இருக்கிறது. கத்த வேண்டாம் என்று சொன்னது யார்? அவள்தானே? ஓய்வாக இருக்கச் சொன்னாளே. சேதி இந்தத் தடவை மூங்கிலைத் தாண்டிப் போனாலும் போகும், ஒரு நிமிடம் பார்க்கலாம். லெய்தெர் இருட்டைப் பார்த்துச் சீக்கிரம் வந்தாலும் வருவான். ஹெர்மீதெஸுக்குக் கண் இல்லையா? எல்லோரும் மிஷினைத்தானே நம்புகிறார்கள், நம்பட்டும். நம்பினது என்ன ஆகிறது என்று ஒருதடவை பார்க்கட்டும். அந்தப் பச்சை ரவிக்கை இந்நேரம் மேடையில் ஏறிக் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்.

மழை சரிவில் இறங்கி நடந்தது. மூங்கில் புதரைக் கடந்தது. வாழைத்தோட்டத்தைக் கடந்தது. ஒவ்வொரு வீட்டுத் தகரமாகச் சத்தம் எழுந்தது, யாரோ வரிசையாகக் கதவைத் தட்டிக்கொண்டே போவது போல. பிறகு மஞ்சள் சதுரத்தின் மேல் விழுந்தது. மஞ்சள் ஓரத்திலிருந்து பழுப்பாக மாறியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிச் சதுரம் நிறம் மாறிவிட்டது.

அப்போதுதான் அவள் கை மூடியை அடித்தது. பைத்தியம் பிடித்தவள் போல அடித்தாள். "தண்ணி! தண்ணி! ஹெர்மீதெஸ்! யினெத் வீட்டுக் கூரை!" தொண்டை கிழியக் கத்தினாள். ஹெர்மீதெஸ் உள்காற்சட்டையோடு மழையில் ஓடுவது தெரிந்தது.

மழை மூன்றரைக்கே விட்டு வெயில் மறுபடி வந்தது. மாலை நாலரைக்கு எதில்மா ஒரு பானை வெல்லத் தண்ணீரோடு கீழே இறங்கினாள். போகாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் போனாள். யினெத் ரவிக்கைக் கையை மடித்துவிட்டு, நனைந்த கொட்டையையும் நனையாத கொட்டையையும் பிரித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழ் சுருட்டிய நிலையில் ஜன்னலில் இருந்தது. முற்றத்தில் பத்துப் பேர். எதில்மாவைப் பார்த்ததும் ஹெர்மீதெஸ் இரண்டு கையையும் விரித்தார்.

"வந்துட்டா எங்க சைரன்! இவ மூடி மட்டும் இல்லைன்னா மிச்சப் பாதியும் போயிருக்கும். மிஷினாம் மிஷின்! ஒரு வார்த்தை சொல்லல அது. நான் ரேடியோ வச்சுட்டு ஊஞ்சல்ல சாஞ்சிருந்தேன். மழைச் சத்தம் கேட்டுச்சு. சரி, கூரை தானா மூடியிருக்கும்னு விட்டுட்டேன். ரெண்டரை மணிச் செய்தி ஆரம்பிச்சு ஒரு தலைப்புதான் படிச்சான், டங் டங்னு இவ மூடி! ஓடினேன் பாரு!"

"எதைப் போட்டுட்டு ஓடினீங்கன்னு நாங்க எல்லாரும் பாத்தோம்," என்றாள் ஒரு கிழவி. முற்றம் சிரித்தது.

"எதில்மாவை யாரும் இனி ஓய்வெடுக்கச் சொல்லாதீங்க," என்றான் ஒருவன். வேறு யாரோ அவளுக்கு நாற்காலி போட்டார்கள். மூன்று மாதமாக அவள் ஏங்கிக் கிடந்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில் யினெத்தின் கைப்பேசி சிணுங்கியது. ஒரு தடவை இல்லை, வரிசையாக ஏழெட்டுத் தடவை. வெயிலில் மூங்கில் காய்ந்துவிட்டது. கம்பம் தன்னிடம் தேங்கிக் கிடந்த சேதிகளையெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பியது. யினெத் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த எதில்மாவுக்கும் திரை தெரிந்தது.

மழை தொடங்கியது: 2:14.

யினெத் ஹெர்மீதெஸைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நிமிடங்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது. பதினேழு. பிறகு திரும்பி எதில்மாவைப் பார்த்தாள். முதலில் மூடி, பிறகு தன் கூரை என்பது அவளுக்கும் தெரியும்.

"என்ன சொல்லுது உன் பெட்டி?" என்றார் ஹெர்மீதெஸ்.

யினெத் கைப்பேசியைப் பாவாடைப் பைக்குள் போட்டாள்.

"மூங்கில் நனைஞ்சா சேதி வராதாம். நான் முன்னாடியே கவனிச்சிருக்கணும். என் தப்புதான்."

எதில்மா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஏறினாள். யினெத் திட்டியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கலாம். தானாக இருந்தால் காட்டியிருப்பேன் என்று எதில்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. வகுப்பு, பெட்டி, பட்டப்பேர், சான்றிதழ், எல்லாவற்றிலும் முந்தினவள் இதிலும் முந்திவிட்டாள். பெரிய மனசு என்பதையும் முதலில் அவளே எடுத்துக்கொண்டாள்! மிச்சம் இருப்பது எனக்கு என்ன? அந்தக் கோபம்தான் அவளை இரவு முழுக்கத் தூங்கவிடவில்லை. குற்ற உணர்ச்சி என்று அதற்குப் பேர் வைக்க அவள் தயாராக இல்லை.

வியாழன் காலை ஹார்வி வந்தான். யினெத்தும் ஹெர்மீதெஸும் இன்னும் சிலரும் அவனோடு ஏறி வந்தார்கள். அவன் கருவியைப் பிடித்துக்கொண்டு புதரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தான்.

"ஆமா, இதுதான். நாங்க வெயில்ல சோதிச்சது எங்க முட்டாள்தனம். ரெண்டு வழி இருக்கு. பெட்டிக்கும் கம்பத்துக்கும் நடுவுல இன்னொரு கம்பம் போடலாம், அதுக்கு ஜனவரி ஆகும். இல்லைன்னா குறுக்க நிக்கிற கம்புகளை வெட்டலாம்."

"வெட்டலாம், வெட்டலாம்," என்றார் ஹெர்மீதெஸ். "தேய்பிறைக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கு."

"அதுவரைக்கும் நான் வீட்டை விட்டு நகரல," என்றாள் யினெத்.

எதில்மா உள்ளே போனாள். வெட்டுக்கத்தியோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராகப் புதருக்குள் இறங்கி, முதல் கம்பின் அடிக்கணுவில் ஓங்கி வெட்டினாள். சாறு தெறித்தது.

"ஏய், ஏய்! எதில்மா! வளர்பிறைம்மா!"

அவள் அடுத்த வெட்டைப் போட்டாள்.

"கன்னி மாதாவே, இவளுக்கு என்ன ஆச்சு? இத்தனையும் வண்டு தின்னுடுமே! ஃபானோர், உன் பொண்டாட்டியைப் புடிப்பா!"

ஃபானோர் ஓர் அடி முன்னால் வைத்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கம்பு முறிந்து, சரசரவென்று இலைகளோடு சாய்ந்தது. எதில்மா இரண்டாவதைப் பிடித்தாள். ஜனங்களுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒருத்திக்குத்தான். யினெத் இறங்கி வந்து, விழுந்த கம்பின் நுனியைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கிட்ட வந்தபோது தணிந்த குரலில் சொன்னாள்:

"அக்கா, எத்தனை நிமிஷம்னு நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"தெரியும். அதான் வெட்டறேன். தள்ளி நில்லு, மேல விழும்."

"எறும்பைப் பத்தியும் சொல்லல."

எதில்மாவின் கத்தி நின்றது. ஒரு கணம்தான். பிறகு முன்னைவிட வேகமாக இறங்கியது. இருபது கம்பு கேட்டவளுக்கு நாற்பத்தொரு கம்பு வெட்டினாள். மத்தியானத்துக்குள் முகட்டுக் கம்பத்திலிருந்து யினெத்தின் ஜன்னல் நேராகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை ருசிபார்ப்பவர் வந்தார். யினெத்தின் நனையாத பாதி அவர் கேட்ட எடைக்குக் குறைந்தது. எதில்மாவின் கொட்டையை வறுத்து, அரைத்து, வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றி, உறிஞ்சி உறிஞ்சித் துப்பினார். நூற்றுக்கு எண்பத்தேழரை மதிப்பெண் போட்டார். மூன்று வருடம் உறுதி. முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தது யினெத். எதில்மா விறைத்து நின்றாள். இவள் கொட்டை முழுசாக இருந்திருந்தால் எத்தனை வந்திருக்கும்? எண்பத்தெட்டா? எண்பத்தாறா? அந்த மஞ்சள் நிஜமாகவே தன்னுடையதைவிட வெளிச்சமாக இருந்ததா? இனி அதை எந்தக் கோப்பையும் சொல்லப் போவதில்லை. ஜெயித்த பிறகும் தெரியாமலே இருக்க வேண்டியதுதான்.

பத்து நாள் கழித்து, மூன்று மணி வாக்கில், மறுபடி மழை வந்தது. எதில்மா அந்த மதியம் முழுக்க முற்றத்தில்தான் இருந்தாள். மடியில் மூடி, கையில் கரண்டி, பக்கத்தில் அடுக்களைக் கடிகாரம். முதல் துளி நெற்றியில் விழுந்தது. அடித்தாள். ஒரே மூச்சில் பத்து அடி. அடித்துக்கொண்டே கீழே பார்த்தாள். நாலு கூரைகளும் நகரத் தொடங்கியிருந்தன. அவளுக்குப் பின்னால் அவளுடைய கூரையும்.

மழை விட்டதும் அவள் நேராக யினெத்தின் வீட்டுக்கு இறங்கினாள். கதவைத் தட்டக்கூட இல்லை.

"பெட்டி எத்தனை மணிக்குச் சொல்லுச்சு?"

யினெத் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "மூணு ஏழு."

"நான் மூணு ஆறுக்கே அடிச்சுட்டேன்."

யினெத் சிரிக்கவில்லை. அடுப்புக்கு மேலே தொங்கிய நாட்காட்டியில், அன்றைய கட்டத்தில், பென்சிலால் எழுதினாள்: பெட்டி 3:07. அதற்கு மேலே: மூடி 3:06. எதில்மா கிட்டப் போய், அந்த ஆறு ஆறுதானா, எட்டு போலத் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்தி எழுது," என்றாள்.

மேலே அவள் வீட்டுச் சுவரோரம் நாற்பத்தொரு கம்பும் அடுக்கிக் கிடந்தன. நவம்பருக்குள் வண்டு ஏறிவிட்டது. அடியில் மஞ்சள் தூள் குவியத் தொடங்கியது. எரித்துவிடலாமா என்று ஃபானோர் இரண்டு முறை கேட்டான். கிடக்கட்டும் என்றாள். காலையில் அடுக்களை வாசலைப் பெருக்கும்போது அந்தத் தூளையும் சேர்த்துப் பெருக்கினாள். மறுநாள் மறுபடி அவ்வளவு இருந்தது.